ஒரு மாதத்துக்கான உற்சாகம்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: மனிதகுலம் தோன்றிய நாள் முதலாக முனிவர்களும் சித்தர்களும் வைத்தியர்களும் காடு மலையெல்லாம் தேடியும் கைக்கு எட்டாமல் போன மன அமைதியை, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லாரி பிரேக்குகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் மனிதவளத் துறை, 2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ஒரே ஒரு ஜூம் கூட்டத்தில் கண்டுபிடித்துவிட்டது. கண்டுபிடித்ததோடு நிற்காமல் அதற்கு ‘மலர்ச்சி’ என்று பெயர் சூட்டி, பக்கத்தில் ஒரு சூரியகாந்திப் பூவையும் ஒட்டி, ஊரடங்கில் முடங்கிக் கிடந்த அத்தனை தொழிலாளர்களின் வாட்ஸப்புக்கும் அனுப்பி வைத்தது.

அந்தச் சூரியகாந்தி ஆரம்பாக்கத்தில் மோசஸின் போனில் மலர்ந்தபோது, அவர் சமையலறைத் தரையில் மஞ்சள் டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

மோசஸ் அந்தத் தொழிற்சாலையில் அசெம்பிளி லைனுக்கு சூப்பர்வைசர். எந்தப் பொருள் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே தரையில் மஞ்சள் கட்டம் போட்டு வைப்பது தொழிற்சாலை வழக்கம். இருபது வருஷம் அதைச் செய்து பழகிய கை வீட்டில் சும்மா இருக்குமா? தண்ணீர்க் குடத்துக்கு ஒரு கட்டம், துடைப்பத்துக்கு ஒரு கட்டம், அரிசி டிரம்முக்கு ஒரு கட்டம் என்று போட்டுக்கொண்டே வந்தவர், மனைவி சாராள் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கும் இடத்தைச் சுற்றியும் ஒரு கட்டத்தைப் போட்டு முடித்தார்.

“இந்தாய்யா, நான் இன்னா ஸ்டாக்கா? கோடு போட்டு ஒக்கார வெக்கிறே.”

“சேஃப்டி, சாராளு. கொதிக்கிற எண்ணெய்க்கும் ஒனக்கும் கேப் வேணும்.”

“எனக்கும் ஒனக்கும்தான்யா கேப் வேணும். எழுந்து வெளிய போ.”

வெளியே போகக் கூடாது என்பதுதான் அப்போதைய சட்டம். ஆகவே மோசஸ் சமையலறையிலிருந்து கூடத்துக்குப் போனார். அந்த வீட்டில் அது நான்கு எட்டு.

சட்டம்கூடப் பரவாயில்லை. மோசஸை வாட்டியது மத்தியானம்தான். சாப்பிட்டு முடித்து, தெருவும் ஓய்ந்து, ரயில் பாதையிலும் சத்தமில்லாமல், தலைக்கு மேல் ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும் வேளையில் அவர் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று ஓட ஆரம்பிக்கும். பொருள் எதுவும் ஏறாமல் கன்வேயர் மட்டும் வேகமாக ஓடினால் எப்படி இருக்குமோ அப்படி. கை லேசாக நடுங்கும். உள்ளங்கால் வேர்க்கும். ஏதோ நடக்கப் போகிறது என்று தோன்றும், என்னவென்று தெரியாது. எதுவும் நடக்காது. மறுநாள் மறுபடி ஆரம்பிக்கும்.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வருஷா வருஷம் பாதுகாப்பு வாரத்தில் மைக்கைப் பிடித்து, ‘பயம் என்பது பயிற்சி இல்லாதவனுக்கு’ என்று பேசிக் கைத்தட்டல் வாங்கியவர், தரையில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு ஃபேனைப் பார்த்துப் பயப்படுகிறேன் என்று எப்படிச் சொல்வார்? சாராளிடம் வாயு என்று சொல்லி வைத்திருந்தார். அவளும் மோரில் பெருங்காயத்தைக் கலக்கி வேளை தவறாமல் கொடுத்துவந்தாள்.

தொழிற்சாலை திறந்து, சைரன் ஊதி, லைன் ஓட ஆரம்பித்தால் இந்த இழவு நின்றுவிடும் என்று அவர் திடமாக நம்பினார். எனவே மனிதவளத் துறையின் மடலில் சூரியகாந்தியையும் மேற்கோள்களையும் தாண்டி, கடைசிப் பத்தியில்தான் அவர் கண் நின்றது. ஒவ்வொரு லைனும் தினமும் காலையில் கூட்டாக உடற்பயிற்சி செய்து வீடியோ அனுப்ப வேண்டும். முகமலர்ச்சிக்குத் தனி மதிப்பெண். தொழிற்சாலை திறக்கும்போது அரசு விதிப்படி முதலில் கொஞ்சம் பேரைத்தான் கூப்பிட முடியும். எந்த லைனை முதலில் கூப்பிடுவது என்று தீர்மானிக்கையில் மலர்ச்சி மதிப்பெண்ணும் கருத்தில் கொள்ளப்படும்.

முதல் மதிப்பெண் என்றால் முதல் பேட்ச். பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த எவனுக்கும் இதில் சந்தேகம் வராது. மோசஸுக்கும் வரவில்லை.

முதல் நாள் வீடியோ எடுத்தார்கள். அவரவர் வீட்டிலிருந்தபடியே போனில் இணைந்து செய்வதாக ஏற்பாடு. மோசஸ் யூனிஃபார்ம் போட்டு, பட்டன் எல்லாம் மாட்டி, விசிலோடு நின்றார். லைனில் போல்ட் முடுக்கும் ரகுவின் ஒரு கை மட்டும் திரையில் ஏறி இறங்கியது.

“ரகு, ஆளு எங்கடா?”

“கீழ இருக்கேன்ணே. படுத்துக்கினே செய்றது. யோகாவுல இதுக்கு ஒரு பேரு கூட இருக்குது.”

லைனின் கடைசியில் நின்று பாகங்களைச் சோதிக்கும் பிரின்சி மட்டும் முறையாகக் குனிந்து நிமிர்ந்து, குனிந்து நிமிர்ந்து பிரமாதமாகச் செய்தாள். மோசஸ் மனம் குளிர்ந்து பாராட்டப் போகையில்தான் அவள் துணி அலசிக்கொண்டிருப்பது தெரிந்தது. வெங்கடேசனுக்குச் சிக்னல் போய்ப் படம் உறைந்ததில், அவர் பயிற்சி முடியும்வரை ஒற்றைக் காலிலேயே நின்றார். அவருடைய சமநிலை உணர்வை மட்டும் மனிதவளத் துறை பாராட்டி எழுதியிருந்தது. மற்றபடி அசெம்பிளி லைனுக்குக் கடைசி இடம்.

முதலிடம் பெயின்ட் லைன். அதன் ஃபோர்மேன் ஆதிநாராயணனுக்குச் சொந்த நிலம், சொந்த மாடி, மாடியில் நல்ல சிக்னல். அத்தனை பேரையும் ஒரே கலர் பனியனில் சிரிக்க வைத்திருந்தார்.

மனிதவள மேலாளர் பரத் வேப்பம்பட்டு அபார்ட்மென்டிலிருந்து குரல் பதிவு அனுப்பினார். இளைஞர், மனிதவளத்தில் பட்டம் பெற்றபின் மனத்திலும் ஒரு சான்றிதழ் வாங்கியிருந்தார். “மோசஸ் சார், உங்க டீம்ல மூவ்மென்ட் இருக்கு, ஜாய் இல்லை. ஜாய் உள்ளேயிருந்து வரணும். நாளைக்குள்ள கொண்டு வந்துடுங்க.”

உள்ளேயிருந்து வருவதை நாளைக்குள் கொண்டுவருவது எப்படி? மோசஸ் அன்று முழுக்க யோசித்தார். மத்தியான நடுக்கத்தின் நடுவிலேயும் யோசித்தார். சாயங்காலம் சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். தீர்வு எப்போதும் தொழிற்சாலையிலேயே இருந்தது. பொங்கலுக்கோ தீபாவளிக்கோ லீவு விடுவதற்கு முன்னால் என்ன செய்வார்கள்? ஓவர்டைம் போட்டு, முன்கூட்டியே பாகங்களைச் செய்து, ஸ்டாக் அடுக்கிவிடுவார்கள். பாகத்துக்கு முடியுமென்றால் சந்தோஷத்துக்கு ஏன் முடியாது? தினமும் காலையில் இந்தச் சோம்பேறிகளை எழுப்பிச் சிரி சிரி என்று கெஞ்சுவதைவிட, ஒரே காலையில் ஒரு மாதத்துச் சந்தோஷத்தையும் உற்பத்தி செய்து போனில் அடுக்கிவிட்டால், தினம் ஒன்றாக டெஸ்பாட்ச் செய்துகொண்டே இருக்கலாம்.

குழுவில் சொன்னார். ரகுதான் முதலில் பதில் போட்டான்.

“அண்ணே, ஒரே நாள் கஷ்டப்பட்டா மாசம் பூரா தூங்கலாமா?”

“தூங்கலாம்.”

“அப்போ நான் ரெடி. இந்த மாதிரி ஒடம்பு மேல அக்கறையா யாரும் சொன்னதில்லண்ணே.”

மறுநாள் விடிந்ததும், தெருக்கோடியில் போலீஸ் எட்டிப் பார்க்காத, அறுப்பு முடிந்து காய்ந்து கிடந்த வயலில் லைன் முழுக்கக் கூடியது. ஆரம்பாக்கத்திலேயே குடியிருப்பவர்கள் என்பதால் வந்து சேர்வது சிரமமாக இல்லை. மோசஸ் கோலமாவால் ஆளுக்கொரு வட்டம், இடைவெளி விட்டு, போட்டு வைத்திருந்தார். ஆளுக்கொரு பையில் வீட்டிலுள்ள சட்டை அத்தனையும் வந்திருந்தது. மோசஸின் திட்டம் கச்சிதமானது: ஒரு பயிற்சி, ஒரு வீடியோ; உடனே சட்டை மாற்றம்; அடுத்த நாள்.

பிரின்சி தன் வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். போனில் ஓடும் படத்தைப் பார்த்து ஒவ்வொரு சிரிப்பையும் சோதித்தாள்.

“வெங்கடேசண்ணே, பல்லு தெரில. ரிஜெக்ட்.”

“எனக்கு இருக்கிறதே அவ்ளோதாம்மா.”

“இருக்கிறத காட்டுங்க. ரகு, நீ சிரிக்கிறியா, இல்ல வவுறு வலிக்குதா? ரீவொர்க்.”

சட்டைகள் சீக்கிரமே தீர்ந்துபோயின. அதனால் என்ன? ரகுவின் சட்டை வெங்கடேசனுக்குப் போயிற்று, வெங்கடேசனுடையது மோசஸுக்கு. மோசஸுடையதில் ரகு புகுந்தபோது உள்ளே இன்னொருவருக்கும் இடம் இருந்தது. நோய் பரவாமலிருக்க வட்டத்துக்குள் நின்றவர்கள், ஒருவர் வேர்வையை ஒருவர் மாற்றி மாற்றி அணிந்துகொண்டார்கள் என்பதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. எவருக்கும் எதுவும் வராமல் போனது ஆரம்பாக்கத்தின் அதிர்ஷ்டம்.

வெயில் ஏறியது. குதித்தார்கள், குனிந்தார்கள், கையைச் சுழற்றினார்கள். நடுவில் ரகு தன் வட்டத்திலேயே மல்லாந்துவிட்டான்.

“எழுந்திர்ரா. இன்னும் பாதி மாசம் பாக்கி.”

“அண்ணே, மே மாசம் மூணாவது வாரத்துக்கு எனக்கு இப்பவே மூச்சு வாங்குது. அந்த வாரம் எனக்கு லீவு போட்டுடு.”

அதற்கு எல்லாரும் சிரித்தார்கள். பிரின்சி அதை அப்படியே பிடித்துக்கொண்டு, “இது ஓகே. இதான் குவாலிட்டி” என்றாள். அதன் பிறகு சிரிப்பை யாரும் கேட்டு வாங்க வேண்டியிருக்கவில்லை. நொண்டிக்கொண்டும் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டும் மாதத்தின் மிச்சத்தை முடித்தபோது உச்சி வெயில் வந்திருந்தது. அன்று மத்தியானம் மோசஸ் சோற்றுக் கையைக் கழுவியதும் பாயில் விழுந்தார். நெஞ்சுக்குள் எதுவும் ஓடவில்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்கு சாராள் உலுக்கி எழுப்பினாள். எழுந்தவருக்கு எதனால் இப்படித் தூங்கினோம் என்று யோசிக்கத் தோன்றவில்லை. ஸ்டாக் போட்டுவிட்ட திருப்தி என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்த நாள் அசெம்பிளி லைனில் ஒருவராலும் எழுந்திருக்க முடியவில்லை. ஒரு மாதத்து உடற்பயிற்சியை ஒரு காலையில் செய்த உடம்பு ஒரு மாதத்து வலியையும் ஒரே தவணையில் கொடுத்தது. மோசஸ் குப்புறப் படுத்திருக்க, சாராள் முதுகில் ஏறி உட்காராத குறையாகத் தைலம் தேய்த்தாள். அவர் அப்படியே கையை நீட்டி, போனில் ஒரு பொத்தானை அழுத்தி, மஞ்சள் சட்டையில் தாம் துள்ளிக் குதிக்கும் வீடியோவை அனுப்பினார். சற்று நேரத்தில் பரத்தின் பதில் வந்தது: ‘வாவ். என்ன எனர்ஜி!’

“இன்னாவாம்?” என்றாள் சாராள்.

“நான் சுறுசுறுப்பா இருக்கேனாம். அங்க இல்ல, கொஞ்சம் கீழ தேய்.”

வீடியோக்கள் தினமும் தவறாமல் போயின. மதிப்பெண் ஏறியது. மாவட்டம் முழுக்கக் கோடை மழை கொட்டி, ஆரம்பாக்கத்தில் முழங்கால் தண்ணீர் நின்ற ஒரு நாளில், சுள்ளென்ற வெயிலில் அசெம்பிளி லைன் கைகளைச் சுழற்றியது. ‘இயற்கையையும் வென்ற குழு’ என்று பரத் சூரியகாந்தி போட்டார். பெயின்ட் லைனோ நாளுக்கு நாள் சரிந்தது. ஆதிநாராயணன் தன் ஆட்களோடு ஏதோ மனஸ்தாபத்தில் குழுவைவிட்டு வெளியேறி, கடைசியாக, “போய்யா, ஒரே பேஜாரா கீது” என்று ஒரு குரல் பதிவை மட்டும் வீடியோவுக்குப் பதிலாக அனுப்பினார்.

ஆனால் மோசஸின் மத்தியானம் மறுபடி வந்துவிட்டது. வலி தீர்ந்த அன்றே வந்தது, முன்னைவிட நீளமாக. காலையில் எழுப்ப ஆளில்லை, திட்ட ஆளில்லை, விசில் ஊத அவசியமில்லை. ஒரு மாதத்து உற்சாகம் போனில்தான் இருந்தது. போன் தலைமாட்டில், முழு சார்ஜில், மிகவும் ஆரோக்கியமாகக் கிடந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவர் முதல் பேட்ச் அறிவிப்புக்குக் காத்திருந்தார்.

மே மாதத்தில் அறிவிப்பு வந்தது. முதலில் அழைக்கப்படுவது: பெயின்ட் லைன். கடைசியில்: அசெம்பிளி.

மோசஸ் இரண்டு முறை படித்தார். பிறகு பரத்துக்கு போன் போட்டார். பதிலைக் கேட்க ஒரு காது போதாதென்று ஸ்பீக்கரிலும் போட்டார்.

“சார், எதோ மிஸ்டேக்கு. நாங்கதான் சார் ஃபர்ஸ்ட் மார்க்கு.”

“அதனாலதான் மோசஸ் சார்” என்றார் பரத், நோயாளியிடம் பேசும் கனிவோடு. “மலர்ச்சி ஒரு வெல்னெஸ் ஸ்கோர். வீட்டில இருந்தே இவ்வளவு ஹேப்பியா இருக்கிற டீம் நீங்க ஒண்ணுதான். உங்களை அவசரமா கூப்பிட்டு அந்த பேலன்ஸை நான் கெடுக்கலாமா? பெயின்ட் லைன்தான் டிஸ்ட்ரஸ்ல இருக்காங்க. ஆதிநாராயணன் வாய்ஸ் நோட்டைக் கேட்டு எனக்கே கண் கலங்கிடுச்சு. இது சயின்டிஃபிக்கா எடுத்த முடிவு.”

“கடைசி பேட்ச்சுன்னா எப்போ சார்?”

“ஜூலை இருக்கலாம். என்ஜாய் பண்ணுங்க.”

ஜூலை என்ற சொல்லைக் கேட்டதும் நெஞ்சுக்குள் கன்வேயர் ஓட ஆரம்பித்தது. மணி மத்தியானம்கூட ஆகவில்லை. மோசஸ் வாயைத் திறந்தபோது சூப்பர்வைசருக்குரிய குரல் வரவில்லை.

“சார், அந்த வீடியோ எல்லாம் ஒரே நாள்ல எடுத்தது.”

“எது?”

“எல்லாமே. சட்டைய மாத்தி மாத்தி எடுத்தோம். நான் ஹேப்பியா எல்லாம் இல்ல சார். மத்தியானம் ஆனா நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது. கை நடுங்குது. எதுக்குன்னே தெரில, பயமா கீது. செத்துடுவேன்னு தோணுது. லைன் ஓடுனா சரியாயிடும் சார். என்ன உள்ள உட்டுடுங்க, கேட்டாண்ட நிக்க வெச்சாலும் பரவால்ல.”

மோசஸ் திரும்பிப் பார்த்தார். சமையலறை வாசலில் கரண்டியோடு சாராள் நின்றிருந்தாள்.

“அப்போ வாயு இல்லியா?”

“இல்ல.”

“ரெண்டு டப்பா பெருங்காயம் காலி பண்ணியே, அப்பவாவது சொல்லக் கூடாது?”

“இன்னான்னு சொல்றது?”

“இப்ப சொன்னே இல்ல, அந்த மாதிரி.” அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “எனக்கும்தான் வருது. ஒனக்கு மத்தியானம், எனக்கு வெடியக்காலம். நீ எழுந்து டேப்ப எங்க ஒட்டப் போறியோன்னு படுத்துக்கினே நெஞ்சு அடிச்சிக்கும்.”

“என்னாண்ட சொல்லவே இல்லியே.”

“நீ கேட்டியா?”

மோசஸ் கேட்டதில்லை. தொழிற்சாலையில் எந்த மெஷின் எப்படிச் சத்தம் போடுகிறது என்று தினமும் காது வைத்துக் கேட்டவர்தான். அவர் போனைப் பார்க்க, சாராள் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

“சார், வணக்கம். நான் மிஸஸ் மோசஸ். ஒங்க மலர்ச்சி எல்லாம் நல்லா இருக்குது சார். ஆனா ஊட்டுல ஒருத்தர் மட்டும் இல்ல பாருங்க, நானும் இருக்கேன். எனக்கு யாரும் மார்க்கு போடல. அரிசி டிரம்மைச் சுத்தி கோடு, கொடத்தைச் சுத்தி கோடு, என்னச் சுத்தியும் கோடு. இவருக்காக கேக்கல சார். என் மனநலத்துக்காக இவர மொத பேட்ச்ல இட்டுக்கினு போயிடுங்க.”

பரத் தொண்டையைக் கனைத்தார். “மேடம், இதை நாம ஹோலிஸ்டிக்கா அணுகணும். ஃபேமிலி எக்கோசிஸ்டம்னு ஒண்ணு இருக்கு…”

அவர் பேசி முடிக்கவில்லை. அவருக்குப் பின்னாலிருந்து இன்னொரு பெண் குரல் கேட்டது. பரத்தின் மனைவி இளமதி.

“அந்த அக்கா பேசறது இங்க வரைக்கும் கேக்குது. சொல்றது கரெக்டு. ஸ்பீக்கர்ல போடு.”

“இளமதி, இது அஃபிஷியல் கால்.”

“இன்னா அஃபிஷியலு? அக்கா, இவரு காலைலேர்ந்து மூச்சுப் பயிற்சின்னு ரூம சாத்திக்கினு ஒக்காந்துடறாரு. வெளிய வந்தா, நான் கொழம்புல உப்பு போடறதுல கூட மைண்ட்ஃபுல்னஸ் இல்லன்றாரு. எனக்கு இருக்கிற ஒரே மைண்டும் போயிடும்போல இருக்குது.”

“ஒங்க ஊட்டுக்காரர் கோடு போடறாரா?”

“இன்னும் இல்லக்கா. பாடம்தான் எடுக்கறாரு.”

“அது இன்னும் மோசம்மா.”

இரண்டு ஆண்களும் தங்கள் போனில் தங்களுக்கு இடமில்லாமல் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வேப்பம்பட்டுக்கும் ஆரம்பாக்கத்துக்கும் நடுவில், வெல்னெஸ் என்ற சொல் ஒருமுறையும் வராமல், ஒரு நல்ல கலந்தாய்வு நடந்து முடிந்தது. கடைசியில் பரத்தின் குரல் வந்தபோது அதில் சான்றிதழ் இல்லை.

“மோசஸ் சார், அசெம்பிளி லைனையும் முதல் பேட்ச்ல சேர்த்துடறேன். பெயின்ட் அடிக்க பார்ட்ஸ் வேணும்னு காரணம் எழுதிக்கலாம். நானும் வரேன்.”

“நீங்களுமா சார்? ஒங்களுக்கு ஒர்க் ஃப்ரம் ஹோம் ஆச்சே.”

“அதைப் பத்தி நேர்ல பேசுவோம்.”

திங்கட்கிழமை காலையில் மோசஸ் சைரனுக்கு முன்பே கேட்டில் நின்றார். காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியில் கருவியைக் காட்டினார்கள். கையில் சானிடைசர் ஊற்றினார்கள். அவர் மாஸ்க்கையும் மீறி, சோப்பு விளம்பரத்தில் வருபவர்போல் சிரித்தார். ரகு தூக்கக் கலக்கத்தோடு வந்தான். பிரின்சி மாஸ்க்குக்கு மேலே கண்ணை உருட்டி, “அண்ணே, சிரிப்பு பாஸ்” என்றாள். பரத் கேட்டருகே சூரியகாந்திப் படம் போட்ட பேனரின் கீழே நின்று எல்லாரையும் வரவேற்றார். லைன் ஓடியது. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு மோசஸ் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக, “ஒனக்குக் காலைல எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார். சாராள், “நீ போனப்பறம் ஜோரா இருந்துச்சு” என்றாள்.

புதன்கிழமை பெயின்ட் லைனில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டு, தொழிற்சாலையை மறுபடியும் மூடிவிட்டார்கள்.